வீடாக மாற்றிய பஸ்ஸின் டயர்களைக் கழுவிப் பாதுகாக்கும் முறை

ஹட்டனுக்கும் கொழும்புக்கும் இடையே நாள்தோறும் ஓடும் பஸ் ஒன்றின் டயர், வெடிப்பு விடுவதற்கு முன்பே தேய்ந்துவிடும். அதே பஸ்ஸின் இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் சமையல் மேசையும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி வீடாக மாற்றிய பின்னர், அது ஆண்டின் பெரும்பகுதியை ஓரிடத்தில் நின்றே கழிக்கிறது. தரையில் படும் பகுதியிலுள்ள வெட்டுகள் (பள்ளக் கோடுகள்) தேயாமல் ஆழமாக இருக்க, பக்கச்சுவர் மட்டும் முதுமையடைந்துவிடுகிறது. ஆகவே இத்தகைய வண்டியில் டயரைக் கழுவுவது அழகுக்கான வேலை அன்று. ஒவ்வொரு டயரையும் கையால் தொட்டு, கண்ணால் பார்த்துச் சோதிப்பதற்குக் கிடைக்கும் வாய்ப்பு என்றே அதைக் கொள்ள வேண்டும்.

செய்முறைக்குப் போகுமுன் காரணத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. பஸ், லொறி டயர்களில் இயற்கை இறப்பரின் பங்கு கார் டயர்களில் உள்ளதைவிட அதிகம். இயற்கை இறப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் எளிதில் தாக்கி, இழுபட்டு நிற்கும் இடங்களில், குறிப்பாகப் பக்கச்சுவரின் வளைவில், மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். இதைத் தடுப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் இறப்பரோடு மெழுகையும் ஓசோனை எதிர்க்கும் இரசாயனங்களையும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது இவை உள்ளிருந்து மெல்ல வெளியே வந்து, திராட்சைப் பழத்தின் மேலுள்ள வெண்பூச்சைப் போல ஒரு படலமாகப் படிகின்றன. நிற்கும் டயரில் இந்தப் படலம் புதுப்பிக்கப்படுவது குறைந்துவிடுகிறது. அதோடு வெயிலும் சேர்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறும்போது புற ஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் கூடும் என்பதால், சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், குளிருக்குக் கம்பளிச் சட்டை அணிந்து நிற்கும் வேளையிலும் வெயில் இறப்பரை வருத்திக்கொண்டுதான் இருக்கிறது.

தேவையான பொருட்கள்

இரண்டு வாளிகள், நீண்ட பிடியுள்ள மென்மையான பிரஷ் ஒன்று, கைப்பிரஷ் ஒன்று, பழைய பருத்தித் துணிகள், டோர்ச், காற்றமுக்கம் பார்க்கும் கருவி, மழுங்கிய மரக்குச்சி, சில்லுகளுக்கு வைக்கும் ஆப்புக்கட்டைகள் ஆகியவை போதும். சவர்க்காரமாக, வாகனம் கழுவும் ஷாம்பூவையோ காரம் குறைந்த திரவ சவர்க்காரத்தையோ நிறையத் தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள். துணி துவைக்கும் தூள், வெளுக்கும் திரவம், கம்பிப் பிரஷ் ஆகியவற்றை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

டயர் கறுப்பாகப் பளபளக்க வேண்டும் என்று டீசலையோ மண்ணெண்ணெயையோ கழிவு எண்ணெயையோ பூசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெற்றோலிய எண்ணெய்கள் இறப்பருக்குள் ஊறி அதை ஊதச் செய்து வலுவிழக்க வைக்கும்; பாதுகாப்புக்காகக் கலந்திருக்கும் மெழுகையும் கரைத்துவிடும். இரண்டு நாள் பளபளப்புக்கு இது மிக அதிகமான விலை.

நிறுத்துவதும் ஆறவிடுவதும்

சமதரை ஒன்றைத் தேடுவதே மலையகத்தில் பாதி வேலை. சரிவில் நிறுத்திவிட்டு, கைப்பிரேக்கை மட்டும் நம்பி, பஸ்ஸுக்கு அடியில் தலையை விடக் கூடாது. கிடைக்கும் இடங்களில் ஆகச் சமமானதில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, கழுவப்போகும் சில்லைத் தவிர்த்த ஏனைய சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஓடைக்கரையையும் தவிர்த்துவிடுங்கள். நாம் கழுவிவிடும் சேற்றிலும் எண்ணெயிலும் ஒரு பங்கு, கீழே லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிப்பவரின் குடத்துக்குப் போய்ச் சேரும்.

றம்பொடையிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கி வந்த பஸ்ஸின் பிரேக் உருளைகள் கடுமையாகச் சூடேறியிருக்கும். அந்தச் சூடு ரிம் வழியாக டயரின் உள்விளிம்புக்கும் ஏறும். உடனே குளிர்ந்த தண்ணீரை அடித்தால் வார்ப்பிரும்பு உருளையில் வெடிப்பு விழக்கூடும். சில்லின் நடுப்பகுதியில் புறங்கையை வைத்துப் பார்த்து, சுகமாகத் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பின்பே தண்ணீரை எடுங்கள். ஒரு தேநீர் குடித்து, இன்னொன்றும் குடிக்கலாம்.

கழுவுமுன் பார்க்க வேண்டியவை

உலர்ந்த டயரே உண்மையைச் சொல்லும். தண்ணீர் பட்டதும் நுண்ணிய வெடிப்புகள் கறுப்பில் மறைந்துவிடும். எனவே முதலில் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பக்கச்சுவர் முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வெட்டுகளுக்குள் சிக்கியிருக்கும் கற்களை மரக்குச்சியால் தட்டி எடுங்கள். ஆணியோ கம்பியோ உள்ளே இறங்கியிருந்தால் அந்த இடத்திலேயே பிடுங்க வேண்டாம். சோக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு டயர் கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பெரிய பஸ்களின் பின்னச்சில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர்கள் சோடியாக இருக்கும். அவற்றின் இடைவெளிதான் இந்த வேலையின் உயிர்நாடி. தோட்டத்துப் பாதைகளில் கிடக்கும் கருங்கல் ஒன்று அங்கே இறுகிக்கொண்டால், ஓடும்போது இரண்டு பக்கச்சுவர்களையும் அரைத்துக்கொண்டே வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வண்டிக்கு அடியிலிருந்தும் வெளியிலிருந்தும் டோர்ச் அடித்து அந்த இடைவெளியைப் பார்த்து, கல் இருந்தால் கட்டையால் தட்டி வெளியேற்றுங்கள். இறுகிய கல் அசையவில்லை என்றால் வெளிச்சில்லைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் புல்லில் படுத்து இதைச் செய்பவர்கள் காலுறைக்குள் காற்சட்டையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். அட்டைகளுக்கு டயரில் அக்கறை இல்லை.

அடுத்து டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் ‘டொட்’ (DOT) என்னும் ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். அவை 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. இந்த இலக்கங்கள் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உட்புறமாக மாட்டப்பட்டிருந்தால் அடியில் நுழைந்துதான் வாசிக்க வேண்டும். பழைய டயரின் மேல் புதிய தட்டம் (தரையில் படும் இறப்பர்ப் பகுதி) ஒட்டி விற்கப்படுவதை வாங்கியிருந்தால், வெட்டுகள் புதிதாக இருந்தாலும் பக்கச்சுவரின் வயது பழையதுதான் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறை கழற்றி, உட்புறத்தையும் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்த டயரை, எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் மாற்றிவிட வேண்டும். எல்லா டயர்களின் இலக்கங்களையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கழுவுதல்

ஒரு நேரத்தில் ஒரு சில்லை மட்டும் எடுங்கள். முதலில் வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றிச் சேற்றை ஊறவிடுங்கள். செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கும்போது தேய்த்தால், அதிலுள்ள மணலே உப்புத்தாள்போல் வேலை செய்யும். ஊறிய பிறகு, சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த பிரஷால் பக்கச்சுவரை வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். பிரஷை மற்ற வாளியில் அலசிய பின்பே மீண்டும் சவர்க்காரத்தில் தோயுங்கள். சோடியில் உட்பக்கம் இருக்கும் உட்டயருக்கு நீண்ட பிடியுள்ள பிரஷை ரிம்மின் துளைகள் வழியாகவும் அடியிலிருந்தும் விட்டுத் தேய்க்கலாம். அது வெளிட்டயரைப்போல் கறுப்பாக வராது. மண்ணும் எண்ணெயும் போனால் போதும்.

தேய்க்கும்போது கபில நிறத் தண்ணீர் வடிவதைக் கண்டு பலர் அது அழுக்கு என்றெண்ணி, தெளிந்த தண்ணீர் வரும்வரை உரசுகிறார்கள். அந்த நிறத்தில் பெரும்பங்கு முன்னர் சொன்ன பாதுகாப்பு இரசாயனத்துடையது. சேறு போன இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். சற்றுக் கபிலமாகத் தெரியும் டயர் அழுக்கான டயர் அன்று. சேர்விஸ் நிலையத்தில் அமுக்கத் தண்ணீரால் கழுவக் கொடுத்தால், குழாய் முனையைப் பக்கச்சுவருக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதிதாகத் தார் போட்ட பாதையில் வந்து தார் ஒட்டியிருந்தால், மரக்குச்சியால் சுரண்டக்கூடிய அளவை மட்டும் சுரண்டுங்கள். மீதியைப் பாதையே தேய்த்துவிடும். இறுதியில் நுரை மிஞ்சாதபடி அலசி, துணியால் ஒற்றி, நிழலில் உலரவிடுங்கள். அறுகம்குடாப் பக்கம் கடற்கரையில் நின்று மலை ஏறியவர்கள், ரிம்மையும் நட்டுகளையும் உப்புப் போக நல்ல தண்ணீரால் கூடுதலாக அலச வேண்டும்.

உலர்ந்த பிறகு வெடிப்புகளை மீண்டும் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத மயிரிழைக் கோடுகள் முதுமையின் அடையாளம். அவற்றைக் குறித்து வைத்துக் கண்காணித்தால் போதும். நகம் இறங்கும் வெடிப்பை டயர் கடையில் காட்டுங்கள். ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் ஆழமான வெடிப்பு, உள்ளிருக்கும் இழையோ கம்பியோ தெரிதல், பக்கச்சுவரில் புடைப்பு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயரில் மலை இறங்கக் கூடாது.

காற்று

காற்றமுக்கத்தை வண்டி ஓடாத குளிர்ந்த காலையில் பாருங்கள். கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் காற்றடித்துவிட்டு நுவரெலியாவின் 15 பாகைக் காலையில் பார்த்தால் ஏறத்தாழ 97 இறாத்தல் காட்டும். குளிர் அமுக்கத்தை ஐந்தாறு இறாத்தல் குறைக்க, உயரத்தில் வெளிக்காற்றின் அமுக்கம் குறைவது சுமார் மூன்று இறாத்தலைத் திருப்பிக் கொடுப்பதே இதற்குக் காரணம். இதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. சோடி டயர்களில் ஒன்று காற்றிழந்தால் மற்றது இரண்டின் சுமையையும் தாங்கிச் சூடேறும். கட்டையால் தட்டிச் சத்தத்தை வைத்துத் தீர்மானிப்பதை நான் ஏற்பதில்லை. உட்டயரின் வால்வுக்கு நீட்டுக்குழாய் பொருத்தி, கருவியால் அளவிடுங்கள். எத்தனை இறாத்தல் என்பதை, தண்ணீரும் சாமான்களும் நிரம்பிய நிலையில் ஒவ்வோர் அச்சின் மேலுள்ள எடையையும் நிறுத்துப் பார்த்து, டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையோடு ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும்.

பாதுகாத்தல்

பூச்சுத் திரவம் கட்டாயம் அன்று என்பதே என் கருத்து. பூசத்தான் வேண்டும் என்றால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதை வாங்கி, துணியில் ஊற்றிப் பக்கச்சுவரில் மட்டும் மெல்லப் பூசுங்கள். தரையில் படும் பகுதியில் ஒரு துளியும் படக் கூடாது. மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் அதன் விளைவு தெரியும்.

பூச்சைவிட மறைப்பு பலமடங்கு பயனுள்ளது. வெளிர் நிறத் தறப்பாளில் டயரின் அளவுக்கு உறை தைத்து, வெயில் விழும் பக்கத்தில் மாட்டுங்கள். அடிப்பகுதி திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மூடுபனியின் ஈரம் உள்ளே தங்கி ரிம்மைத் துருப்பிடிக்கச் செய்யும். மே முதல் செப்ரெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழையில் நனையும்போது, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வறண்ட கச்சான் காற்றும் வெயிலும் இருக்கும். முந்திய பகுதியில் நிற்பவர் ஈரத்தையும், பிந்திய பகுதியில் நிற்பவர் வெயிலையும் முதலில் கவனிக்க வேண்டும்.

நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் ஒவ்வொரு சில்லுக்கும் கீழே தடித்த பலகை வையுங்கள். டயர் தரையில் பதியும் பரப்பு முழுவதும் பலகையின் மேல் இருக்க வேண்டும். சோடி டயர்களில் ஒன்று மட்டும் பலகையில் ஏறி நிற்பது மிகவும் கேடு. மாதம் ஒரு முறையாவது பஸ்ஸைச் சில கிலோமீற்றர் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் எஞ்சினை மட்டும் இயக்கிவிட்டு நிறுத்துவதால் டயருக்கு எந்தப் பயனும் இல்லை.

பின்புறத்தில் தொங்கும் மேலதிக சில்லையும் விட்டுவிடாதீர்கள். அது ஒருபோதும் உருளாமல் முழு வெயிலையும் வாங்குவதால், ஆறு டயர்களைவிட முன்னதாகவே வெடிப்பு விடக்கூடியது. அதற்கும் உறை போட்டு, அதன் தயாரிப்பு இலக்கத்தையும் அதே கொப்பியில் எழுதி, கழுவும் நாளில் அதன் காற்றையும் பார்த்துவிடுங்கள்.