மஞ்சள்தூளும் மதிய வெயிலும்

கிளிநொச்சியில் மஞ்சள்தூள் சாற்றை எச்பிஎல்சியில் (கலவையில் இருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஓட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் அதன் உறவுக்காரச் சேர்மங்கள் இரண்டும் பிரியாமல் ஒட்டியபடியே வந்தன. சாற்றைக் கருவிக்குள் கொண்டுபோகும் கரைப்பானில் அசற்றோநைட்ரைலின் பங்கைக் கூட்டினேன், குறைத்தேன். அப்புறம் வெப்பநிலை, அப்புறம் ஓட்டவேகம். ஒவ்வொன்றாக மாற்றியே இரண்டு கிழமை போய்விட்டது. கரைப்பான் விற்கும் விலைக்கு இது கட்டாது.

சரி என்று காரணித் திட்டம் போட்டேன்: ஒவ்வொன்றாக அல்ல, எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிப் பார்ப்பது. அந்த மூன்றும்தான் காரணிகள், ஒவ்வொன்றுக்கும் கூடியது, குறைந்தது என இரண்டு மட்டங்கள்: 8 ஓட்டங்கள், கூடவே மூன்றும் நடு அளவில் நிற்கும் நடுப்புள்ளியில் 3. எது முதல், எது பிறகு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன்.

நடுப்புள்ளி ஓட்டங்கள் மூன்றும் ஓட்டம் தொடங்கி ஒரே நேரத்தில் முகடு (ஒரு பொருள் வெளிவருவதைக் காட்டும் வரைபட மேடு) தர வேண்டும். தரவில்லை. மதியம் ஓட்டியது மட்டும் முந்தியது. கொலம் (பிரிப்பு நடக்கும் குழாய்) இருக்கும் அடுப்புக்குக் கொடுத்தது 30 பாகை, திரையில் நின்றது 36. அந்த அடுப்பு சூடாக்கும், குளிராக்காது. வன்னி வெயிலில் அறையே 30ஐத் தாண்டிவிடும்!

வெப்பநிலை மட்டங்களை 40, 50 பாகை ஆக்கித் திரும்ப ஓட்டினேன். நடுப்புள்ளிகள் பொருந்தின. அசற்றோநைட்ரைல் குறைவான பக்கத்தில்தான் வெப்பநிலை வேலை செய்தது, கூடிய பக்கத்தில் அசையவே இல்லை. முன்பு இரண்டு கிழமையும் நான் முட்டிக்கொண்டிருந்தது அந்தக் கூடிய பக்கத்தில். அசற்றோநைட்ரைல் 45 சதவீதத்துக்கு இறங்கியதும் பிரிதிறன் 1.5ஐத் தாண்டியது, அதாவது முகடுகள் ஒட்டாமல் பிரிந்தன.