மாவு பொங்கலைன்னா தயிரை ஊற்றாதீங்க

போன மார்கழியில் ஒரு நாள் காலையில் மாவுப் போசியைத் திறந்தால், ராத்திரி வைத்த மட்டத்திலேயே கிடந்தது. ஒரு கரண்டி தயிரைக் கலக்கி மதியம் வரை வைத்தேன். நன்றாகவே புளித்தது, இட்லிதான் கல். "இதுக்கு மோர்க்குழம்பே வெச்சிருக்கலாம் கண்ணு" என்றார் அம்மிச்சி.

பொங்குவது வேறு, புளிப்பது வேறு. மாவைத் தூக்குவதில் பெரும்பங்கு லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அது சர்க்கரையைத் தின்று அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் விடும். தயிரில் இருப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தோடு நிறுத்திக்கொள்ளும். புளிப்பு வரும், வாயு வராது.

இந்த லூக்கோனோஸ்டாக் எங்கிருந்து வருகிறது? உளுந்திலும் அரிசியிலுமே ஒட்டிக்கொண்டு வருகிறது. நாம்தான் ஊறிய உளுந்தை நாலு தண்ணீர் கழுவி, பாதியைச் சாக்கடையில் விடுகிறோம். கழுவுவதை ஊறவைக்கும் முன்பே முடித்துவிட்டு, ஊறிய தண்ணீரையே ஊற்றி ஆட்டுங்கள். சீக்கிரம் ஊறட்டும் என்று கொதிநீர் ஊற்றுவது இன்னும் மோசம்.

வாயு வந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க உளுந்தின் வழவழப்பு வேண்டும். இங்கேதான் மிக்ஸி கவிழ்க்கிறது: விடாமல் ஓட்டினால் மாவு சூடேறும், காற்றும் ஏறாது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மிக்ஸியில் அரைப்பானேன்? கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து ஆட்டி, ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும்.

அப்புறம் குளிர். 30 டிகிரி சுமாருக்கு எட்டுப் பத்து மணி நேரத்தில் பொங்குகிற மாவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ராத்திரியில் அதே நேரத்தில் பொங்காது. தயிர் வேண்டாம், சோடா வேண்டாம், போசியைச் சாக்கில் சுற்றி அடுப்படியில் வைத்துவிட்டு இன்னும் நாலு மணி நேரம் பொறுங்கள். சித்திரை வெக்கையிலும் இதையே செய்து, நள்ளிரவில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு தரையில் வழிந்து எறும்பு மொய்த்ததும் எங்கள் வீட்டில் நடந்ததுதான். அதனால் போசியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

பொங்கியதை அடிவரை கலக்கி வாயுவை வெளியே விடாதீர்கள், மேலாக அள்ளி ஊற்றுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும் புளிப்பது நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் தோசைக்கல், அதற்கும் மேல் போனால் வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து போட்டுப் பணியாரக்கல்.