நீரிழிவுள்ள பூனைக்கு வீட்டில் இன்சுலின்: சிரிஞ்சில் உள்ள எண்ணை முதலில் படியுங்கள்

எங்கள் செம்பனுக்கு வயது பதினொன்று. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை. எடை 6 கிலோவுக்கு மேல். வயது, ஆண் என்பது, எடை ஆகிய மூன்றுமே பூனைகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. மருத்துவர் கிளார்ஜின் இன்சுலினை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட் போடச் சொன்னார். ஐந்து மாதங்களுக்குப் பிறகு, இன்று அவன் இன்சுலின் இல்லாமலே நலமாக இருக்கிறான். நோய் உறுதியாகி, மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்து, குளுக்கோமீட்டரும் வாங்கிவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. சிரிஞ்சு

நம் மருந்துக் கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சுகள் கிடைக்கின்றன. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது சிவப்பு மூடியோடும், 100 யூனிட் உள்ளதற்கானது ஆரஞ்சு மூடியோடும் வரும். செம்பனுக்கு எழுதிக் கொடுத்த கிளார்ஜின் 100 யூனிட் வகை. கடையில் "இன்சுலின் சிரிஞ்சு" என்று மட்டும் கேட்டேன். சிவப்பு மூடி கொடுத்தார்கள். நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். 100 சிரிஞ்சில் ஒரு யூனிட் என்பது 0.01 மில்லிலிட்டர், 40 சிரிஞ்சில் அதே ஒரு யூனிட் 0.025 மில்லிலிட்டர். ஒரு யூனிட் என்று நினைத்து நான் ஒவ்வொரு வேளையும் இரண்டரை யூனிட் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நண்பகலில் செம்பன் பின்னங்கால் தடுமாறி, சுவரில் சாய்ந்து நின்றான். குளுக்கோமீட்டர் சர்க்கரையை 48 மி.கி./டெ.லி. என்று மிகத் தாழ்வாகக் காட்டியது. விரலில் தேன் தொட்டு அவனுடைய ஈறுகளில் தடவியபடியே மருத்துவரை அழைத்தேன்; பிழைத்துக்கொண்டான். அந்த நண்பகலை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே, குப்பியில் அச்சிட்டுள்ள எண்ணும் சிரிஞ்சில் அச்சிட்டுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு புதிய பொட்டலத்தையும் பிரிக்கும்போது பாருங்கள். தேனையோ குளுக்கோஸ் பொடியையோ எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பூனை மயங்கிக் கிடந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். ஈறில் மட்டும் தடவிவிட்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சிரிஞ்சுகளில் நான் பரிந்துரைப்பது, அரை யூனிட் கோடுகள் உள்ள 0.3 மில்லிலிட்டர் வகையைத்தான். தேடித்தான் வாங்க வேண்டும். ஆனால் பிற்பாடு அளவைக் குறைக்கும் கட்டத்தில் அது இல்லாமல் துல்லியமாகப் போட முடியாது.

2. ஊசி போடுதல்

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. பூனை சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். கிளார்ஜின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் பயன்படுத்தக்கூடாது, எதனோடும் கலக்கவும் கூடாது. விலாப்புறத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஊசியைச் செலுத்துங்கள். ஊசி மறுபுறம் வெளியே வந்து மருந்து மயிரில் வழிந்துவிட்டது என்று தோன்றினாலும், அந்த வேளைக்கு மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை மருந்து குறைந்தால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவுதான். இரட்டிப்பானால் உயிருக்கே ஆபத்து.

3. சாப்பாடு

நம் வீடுகளில் பூனைக்குத் தயிர் சோறும் மீன் குழம்புச் சோறும் வைப்பது வழக்கம். நீரிழிவுள்ள பூனைக்கு முதலில் நிறுத்த வேண்டியது அந்தச் சோறுதான். கடையில் விற்கும் உலர் தீனியிலும் மாவுச்சத்து பெரும்பாலும் அதிகம். டப்பாவிலோ பையிலோ வரும் ஈர உணவில் மாவுச்சத்து குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அட்டையில் அந்த அளவைப் போடுவதில்லை. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரப்பதம் ஆகியவற்றின் சதவீதங்களைக் கூட்டி 100-லிருந்து கழித்தால் ஏறக்குறைய கிடைத்துவிடும். வெறும் வேகவைத்த மீனை மட்டும் நிரந்தர உணவாக்காதீர்கள். அதில் எல்லாச் சத்தும் இல்லை.

இன்சுலின் தொடங்கிய பிறகு உணவை மாற்றினால் சர்க்கரை வேகமாக இறங்கக்கூடும். ஆதலால், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, சில நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

4. அளந்து எழுதுதல்

சென்னையில் பெரம்பூரிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூண்டில் ஆட்டோவில் போகும் பூனைக்கு, அச்சத்தினாலேயே சர்க்கரை ஏறிவிடும். அங்கே எடுக்கும் எண்ணை மட்டும் வைத்து அளவைத் தீர்மானிப்பது கடினம். வீட்டில் காது மடலின் ஓரத்தை வெதுவெதுப்பான துணியால் ஒற்றிவிட்டு, பின்புறம் பஞ்சு வைத்துக் குத்தினால் ஒரு துளி வரும். ஊசிக்கு முன்பும், ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்தும் கிடைக்கும் எண்களை நோட்டில் எழுதுங்கள். மனிதர்களுக்கான கருவிகள் பூனையின் ரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவது வழக்கம் என்பதால், கடைசி வரை ஒரே கருவியில் அளப்பது நல்லது. ஒரு நாள் எண் உயர்ந்தது என்பதற்காக நீங்களே அளவைக் கூட்டாதீர்கள். கிளார்ஜின் ஓர் அளவில் நிலைகொள்ளச் சில நாட்கள் ஆகும்.

5. இன்சுலினை நிறுத்தும் கட்டம்

முதல் சில மாதங்களிலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பூனைகளுக்கு இன்சுலினை நிறுத்தும் வாய்ப்பு கூடுதல். செம்பனுக்கு நான்காம் மாதத்தில் ஊசிக்கு முந்தைய எண்களே 150-க்குக் கீழே வரத் தொடங்கின. அன்று ஊசி போடாமல் மருத்துவரை அழைத்தேன். அவர் அரை அரை யூனிட்டாகக் குறைத்து, பிறகு நிறுத்தினார். ஊசியே இல்லாமல் நான்கு வாரம் எண்கள் இயல்பாக இருந்த பிறகுதான் நோய் தணிந்தது என்றார். நோய் திரும்பி வரவும் கூடும். குறிப்பாகத் தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட நேர்ந்தால், பூனைக்கு நீரிழிவு இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், தம் பூனைக்கு 40 யூனிட் இன்சுலின் எழுதியிருந்தும், சிவப்பு மூடி தவறு என்று எண்ணி ஆரஞ்சு மூடி வாங்கிவிட்டார். குப்பியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடிதான் சரி. கிளார்ஜினிலேயே ஒரு மில்லிலிட்டரில் 300 யூனிட் உள்ள வகை ஒன்று பேனாவில் வருகிறது. 100-க்குப் பதிலாக அதை ஏற்காதீர்கள், அதிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சவும் செய்யாதீர்கள்.

சித்திரை வெயிலில் மின்வெட்டின்போது என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேரம் தாங்கும். மருந்தை உறைநிலைப் பகுதியில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு முறை உறைந்த இன்சுலினைக் குப்பையில்தான் போட வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, மூடியை இறுக்கி, மேலே "ஊசிகள்" என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லியே கையில் கொடுங்கள்.