பழைய பாடகரை திரும்ப குழுவுக்கு கூப்பிடுததுக்கு முன்னாடி

மக்கா, நம்ம பக்கம் கோயில் கொடை சீசன் வந்தாலே கச்சேரி குழுக்காரவ "பழைய அண்ணாச்சிய திரும்ப கூப்பிடுவமா"ன்னு ஆரம்பிச்சிருதாவ, தாராளமா கூப்பிடலாம், ஆனா முறையா கூப்பிடணும்.

மொதல்ல அவரு ஏன் போனாருன்னு உக்காந்து பேசி முடிங்க. டீப் பர்ப்பிள்ங்குத இங்கிலாந்து ராக் குழுவுல பாடகர் இயன் கில்லன் 1973ல போயி 1984ல திரும்ப வந்தாரு, ஆல்பமும் நல்லா போச்சு, ஆனா அவருக்கும் கிட்டார் வாசிச்ச ரிச்சி பிளாக்மோருக்கும் உள்ள கசப்பு தீரல, 1989ல கில்லனை வெளிய அனுப்பி, 1992ல மறுபடி கூப்பிட்டு, கடைசில 1993ல டூர் நடுவுல பிளாக்மோரே கெளம்பிட்டாரு. அதனால சம்பளம், போஸ்டர்ல யாரு போட்டோ பெருசு, எல்லாம் மொதல்லயே பேசிருங்க.

அடுத்து இப்ப பாடிட்டு இருக்க தம்பி. 1999ல அயர்ன் மெய்டன்ங்குத இங்கிலாந்து ராக் குழுவுக்கு பழைய பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்புனப்ப, ஸ்மித் இடத்துல வாசிச்ச ஜானிக் கெர்ஸை அனுப்பாம மூணு கிட்டாரா ஆக்கிட்டாவ, எனக்கு ரொம்ப பிடிச்ச முடிவு அது. ஆனா டிக்கின்சன் இடத்துல பாடுன பிளேஸ் பெய்லி போக வேண்டியதாச்சு. நம்ம கச்சேரில ரெண்டு மைக்குக்கு எடம் இருக்கு, அந்த தம்பிய தயவுசெஞ்சு விட்றாதீங்க.

குரல் பழைய மாதிரி இருக்காது, ஸ்ருதிய அரைக் கட்டை இறக்குங்க, தப்பே இல்ல. பாளையங்கோட்டை பக்கம் ஒரு சின்ன ரிசப்ஷன்ல நாலு பாட்டு பாட வச்சு பாத்துட்டு, பெறவு கொடைக்கு அட்வான்ஸ் வாங்குங்க.