சுவரைக் கேளுங்கள், சர்வரை அப்புறம்: புதுவை, கடலூர் கேமர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்ஃப்ரேம் கேமில் குப்ரோ என்றொரு வளர்ப்பு மிருகம் உண்டு. ஒரு காலத்தில் சின்னத் தொகை கட்டி அதன் ரோம நிறத்தை மாற்றிப் பார்க்கலாம். என்ன நிறம் வரும் என்பது குலுக்கல்தான். ஒரே ஆள் சுமார் 200 தடவை அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பதைப் பார்த்ததும், கேமை உருவாக்கிய கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் ஓரிரு நாளில் அந்த வசதியையே எடுத்துவிட்டது. பணம் வந்துகொண்டிருந்த குழாயைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டார்கள். ஃபேக்டோரியோ என்ற கேமை உருவாக்கிய ப்ராக் நகரத்து வூப் சாஃப்ட்வேர் வேறு மாதிரி. என்ன செய்கிறோம், எதில் சொதப்பினோம் என்று 2013-ல் தொடங்கிய வெள்ளிக்கிழமைக் குறிப்புகளில் ஆட்டக்காரர்களிடமே எழுதி வந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களின் கேமை ஆடும்போது நமக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. நாம் எழுதுவதை அவர்கள் படிக்கிறார்கள். நாம் தப்பாகச் சொன்னால் அவர்கள் தப்பான இடத்தில் தேடுவார்கள். லாஸ்பேட்டையில் வைஃபை சரியில்லாததற்கு ப்ராகில் யாரோ இரண்டு நாள் தூக்கம் கெடுவது நியாயமில்லை.

சுவரைக் கேளுங்கள்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்: ஆள் நின்ற இடத்திலேயே துள்ளினால், சுட்ட குண்டு படாவிட்டால், உடனே "சர்வர் சரியில்லை" என்று எழுதுவது. முதலில் வீட்டுக்குள் பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து உங்கள் ரவுட்டரையே 100 தடவை பிங் செய்யுங்கள், அதாவது ஒரு சின்னத் தகவலை (பாக்கெட்) அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கேபிளில் இணைத்திருந்தால் 1 மில்லி செகண்டுக்குள் பதில் வர வேண்டும். வைஃபையில் 2 முதல் 5 வரை சீராக இருந்தால் பரவாயில்லை. நடுநடுவே 80, 150 என்று எகிறினாலோ ஒன்றிரண்டு பாக்கெட் தொலைந்தாலோ, பிரச்சினை உங்கள் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிறது.

புதுவையில் இதற்கு ஒரு காரணம் கூடுதலாக உண்டு. கடற்கரையை ஒட்டிய பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடிமனான சுவர்கள். வெயிலுக்கு அருமை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு எமன். இரண்டு சுவர் தாண்டினால் போன் தானாக 2.4-க்கு இறங்கிவிடும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். முத்தியால்பேட்டை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய தெருவில் அந்த மூன்றையும் பதினைந்து ரவுட்டர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். விலை உயர்ந்த "கேமிங் ரவுட்டர்" வாங்கினாலும் சுவர் சுவராகத்தான் இருக்கும். 20 மீட்டர் கேட் 6 கேபிளை நிலைக்கதவு ஓரமாக இழுத்தால் வேலை முடிந்தது. ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை அந்தக் கேபிள் தாங்கும்.

ரவுட்டர் வரை சுத்தமாக இருந்தும் இரவு ஒன்பது மணிக்கு மட்டும் லேக் அடிக்கிறதா? அப்லோடைச் சந்தேகப்படுங்கள். யாரோ போனில் எடுத்த கல்யாண வீடியோ கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அப்லோட் பாதை நிரம்பும்போது உங்கள் கேமின் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். வேகப் பரிசோதனையில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினாலும் இது நடக்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்தத் தகவல் முதலில் போக வேண்டும் என்று ஒழுங்கு செய்யும்) வசதி இருந்தால் அப்லோட் உச்சவரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஆடும் நேரத்தில் போன்களின் பேக்கப்பை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் யார் கேட்பார்கள் என்பது தனிக் கதை.

அதற்கும் பிறகுதான் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 1 மில்லி செகண்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். அங்கே மட்டும் 32 மில்லி செகண்ட் போய்விட்டது, எந்தக் கொம்பனாலும் குறைக்க முடியாது. இடையில் உள்ள கருவிகள் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஆகவே சிங்கப்பூர் சர்வரில் 50 பிங் வந்தால் அது நல்ல பிங். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் உண்டு. வேலரன்ட்டுக்கு மும்பையில். கவுன்டர் ஸ்ட்ரைக் அமைப்புகளில் அதிகபட்ச மேட்ச்மேக்கிங் பிங்கை 80 என்று வைத்தால் தூர சர்வரில் தூக்கிப் போடாது. மேட்ச் கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும். ரீஜன் (எந்த வட்டாரத்து சர்வர்) அமைப்பு "ஆட்டோ"வில் இருக்கும் கேம்களில் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பாருங்கள். ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு லேக்கைத் திட்டுபவர்கள் அனேகம்.

"ஹேங் ஆகுது" என்றால் என்ன?

நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்கு மூன்று அர்த்தம். கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டால் அதுவும் ஹேங். படம் உறைந்து சத்தம் மட்டும் கேட்டால் அதுவும் ஹேங். வெறுமனே இழுத்து இழுத்து ஓடினாலும் ஹேங். உருவாக்குபவருக்கோ இவை மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்: முதலாவது க்ராஷ், இரண்டாவது ஃப்ரீஸ், மூன்றாவது ஸ்டட்டர். "லேக்" என்பதும் இதே ரகம். நெட் தாமதத்துக்கும் லேக், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) குறைவுக்கும் லேக். சர்வர் பக்கம் இருப்பவர் நெட்டைத் தேடிக்கொண்டிருப்பார், கோளாறு உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு சூட்டில் இருக்கும். சரிபார்க்க எளிய வழி: இணையத்தைத் துண்டித்து ஒற்றை ஆள் முறையில் ஆடிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் நெட் குற்றவாளி அல்ல.

பக் ரிப்போர்ட் (கோளாறு அறிக்கை) எழுதும்போது பலரும் கோபத்தை விரிவாகவும் தகவலைச் சுருக்கமாகவும் எழுதுகிறார்கள். தலைகீழாக வேண்டும். கேமின் பதிப்பு எண், புள்ளிக்குப் பின்னால் வரும் கடைசி இலக்கம் வரை. என்ன செய்தீர்கள் என்பது ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. பத்து தடவை செய்தால் எத்தனை தடவை வருகிறது. ஒரு ரிப்போர்ட்டில் ஒரே ஒரு பக். நீண்ட ஆங்கிலம் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியம் போதும், இலக்கணப் பிழையை யாரும் எண்ணப் போவதில்லை.

என்ன நடந்தது என்று கேம் தானே எழுதி வைக்கும் லாக் ஃபைலில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். க்ராஷ் ஆனதும் நாம் முதலில் செய்வது என்ன? கேமை மறுபடி திறப்பது. ஃபேக்டோரியோவில் அப்படித் திறந்தால் நடப்பு லாக் "முந்தையது" என்ற பெயருக்குப் போய்விடும். இரண்டாம் முறை திறந்தால் க்ராஷ் பற்றி எழுதியிருந்தது அடியோடு போச்சு. எனவே முதல் வேலை, ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் இருக்கும் கேம் கோப்புறையிலிருந்து லாக் ஃபைலைத் தனியே காப்பி எடுத்து வைப்பது. அடுத்தது ஸ்டீமில் (கேம் வாங்கி இறக்கும் தளம்) கேமின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய்க் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்வது. மூன்றாவது, மாட்கள் (கேமை மாற்ற மற்றவர்கள் எழுதிய இணைப்புகள்) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதே க்ராஷ் வருகிறதா என்று பார்ப்பது. மாட் போட்டபடி வந்த க்ராஷை உருவாக்குபவரிடம் கொண்டுபோனால், மாட் எழுதியவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதும் சரிதான்.

க்ராஷ் ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடத்தில் வருகிறதா? நான்கைந்து கேம்களிலும் வருகிறதா? அப்போது கணினியின் நினைவகமான ராமைச் சந்தேகியுங்கள். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கடலுக்கு அருகில் ஜன்னலோரம் கணினி கேபினெட் வைத்திருந்தால் உப்புக் காற்று தங்கமுலாம் பூசாத இணைப்புகளைத்தான் முதலில் அரிக்கும். கரண்டை அணைத்து, ராமைக் கழற்றி, 99 விழுக்காடு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் அதை அணைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியில் ஏற்றி நான்கு சுற்று ஓட்டுங்கள், ராத்திரி விட்டால் காலையில் முடிந்திருக்கும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் ஆகாது.

ஐப்பசி, கார்த்திகை

தானே புயல் அடித்த 2011 டிசம்பரையும் ஃபெஞ்சல் புயல் கரையேறிய 2024 நவம்பரையும் பார்த்த ஊர்க்காரர்களுக்குக் கரண்ட் போவதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் கேமிங் பிசியைத் தாங்கும் என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் போகவில்லை. அதன் உண்மைத் திறன் பெரும்பாலும் 360 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது பிசி 400 வாட் இழுத்தால், கரண்ட் போன அதே நொடியில் யூபிஎஸ்ஸும் கத்திவிட்டு விழுந்துவிடும். வாங்கும்போது விஏவைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாக. வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் படித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் திரும்பி வந்து ஸ்டீமைத் திறந்தால், "கிளவுட் சேவா, இந்தக் கணினியில் இருப்பதா?" என்று சில நேரம் கேட்கும். சேவ் என்பது நீங்கள் ஆடி நிறுத்திய இடத்தின் பதிவு, கிளவுட் சேவ் என்பது இணையத்தில் இருக்கும் அதன் நகல். அவசரத்தில் ஒன்றை அழுத்தி நாற்பது மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, சேவ் கோப்புறையை வேறிடத்தில் காப்பி செய்யுங்கள். பிறகு இரண்டின் தேதி, நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நண்பர்களுக்குச் சொந்த சர்வர்

கடலூரில் ஒருவர், புதுவையில் மூவர், எல்லோரும் சேர்ந்து ஆட வீட்டிலேயே சர்வர் போடும் ஆசை நல்லதுதான். போர்ட் எண்களை (சர்வருக்குள் வரும் கதவு எண்கள்) எல்லோரும் சரியாகத்தான் போடுகிறார்கள்: மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு 25565, டெராரியாவுக்கு 7777, ஃபேக்டோரியோவுக்கு 34197. யுடிபி, டிசிபி என்று தகவல் அனுப்பும் முறை இரண்டில், ஃபேக்டோரியோவுக்கு யுடிபி என்று தேர்ந்தெடுக்க மறந்து டிசிபியில் திறப்பது வழக்கமான சறுக்கல். அதையும் சரிசெய்த பிறகும் யாராலும் உள்ளே வர முடியாவிட்டால், ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது நெட் கம்பெனி அதற்குத் தந்த முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியை நெட் கம்பெனி பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது, உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளிக்கதவு அவர்கள் கையில். கேமில் கோளாறு இல்லை. மாதக் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி கேட்கலாம். இல்லையென்றால் டெயில்ஸ்கேல், ஸீரோடயர் மாதிரி தனி வலையமைப்பு மென்பொருள் ஒன்றை எல்லோர் கணினியிலும் போட்டு அது தரும் முகவரியில் சேரலாம். ஸ்டீம் வழியாக நண்பரை அழைக்கும் வசதி கேமில் இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம்.

காசு விஷயம்

பாதி விலைக்குக் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) விற்கும் இடங்களில் வாங்கி, "உருவாக்குபவருக்கு ஆதரவு கொடுத்தேன்" என்று சொல்வதில் பொருளில்லை. அவற்றில் சில திருட்டு கார்டில் வாங்கியவை. கார்டுக்காரர் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது நஷ்டம் உருவாக்குபவருக்கு. ஃபேக்டோரியோவின் 198 திருட்டுக் கீகள் விற்ற விவகாரத்தில் ஒரு கீ சந்தை 2020-ல் வூபுக்கு 39,600 டாலர் கொடுத்தது. அதே ஃபேக்டோரியோவை சேலில் வாங்கலாம் என்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காத்திருப்பதும் வீண்: தள்ளுபடியே கிடையாது என்பது அவர்கள் கொள்கை. அதற்குப் பதில் இலவச டெமோ உண்டு.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட். அந்த 2 மணி நேரத்தில் மெனுவை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனதும் சேரும், லாஞ்சருக்குள் பேட்ச் இறங்கியதும் சேரும். ஆடவில்லையென்றால் மூடிவிடுங்கள்.

"எங்கள் டீமுக்கு ஒரு ஓட்டு போடு" என்று நண்பர் பெயரில் வரும் லிங்க்கில் ஸ்டீம் கடவுச்சொல்லைப் போடாதீர்கள். அந்த நண்பரின் கணக்கும் அப்படித்தான் போயிருக்கும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஸ்கின் (கேமுக்குள் வாங்கி விற்கும் அலங்காரப் பொருள்) விற்ற காசு தருகிறேன், பின் போடு என்பவன் திருடன். பணம் கட்டி ஆடிப் பணம் ஜெயிக்கும் கேம்கள் வேறு சங்கதி. 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அவற்றைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்தது. மத்தியச் சட்டம் என்பதால் கடலூருக்கும் புதுவைக்கும் ஒன்றுதான்.

கருத்தும் வாக்கும்

யோசனை சொல்லும்போது தீர்வை மட்டும் எழுதுவது பழக்கமான தவறு. "இந்தத் துப்பாக்கியின் சேதத்தை 20 விழுக்காடு குறை" என்பதைவிட, "எதிரணியில் மூவர் இதை எடுத்தால் இந்த மேப்பின் நடுவாசலில் எட்டிப்பார்க்கவே முடியவில்லை" என்பது பயன்படும். குறைக்க வேண்டியது சேதமா, தூரமா, மேப்பின் வாசலா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற கேமில் புது அம்சங்கள் ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்புக்குப் போகும். 2013-ல் தொடங்கியபோது 75 விழுக்காடு ஆதரவு வேண்டியிருந்தது, 2022-ல் அதை 70 ஆக்கினார்கள். மூன்றில் ஒருவர் "வேண்டாம்" என்றாலே அம்சம் விழுந்துவிடும். கேள்வியை முழுதாகப் படிக்காமல் குத்துவது இங்கே சும்மா போகாது.

ஸ்டீம் விமர்சனமும் ஒரு வாக்குதான். ஆனால் பலர் போட்டதை மறந்துவிடுகிறார்கள். நோ மேன்ஸ் ஸ்கை 2016 ஆகஸ்டில் வந்தபோது கிடைத்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல, அதில் பெரும்பகுதி நியாயமானது. அதை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் வாயை மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இலவச அப்டேட்டாகப் போட்டுக்கொண்டே வந்தது. நீங்கள் அன்று போட்ட கீழ்நோக்கிய கட்டைவிரல் இன்னும் அங்கேயே இருக்கும். ஸ்டீமில் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து, விமர்சனங்கள் பகுதிக்குப் போனால் பழையவை வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் திருத்த முடியும். எந்தப் பதிப்பை எப்போது ஆடினீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மேம்பட்ட கேமுக்கு மட்டுமல்ல, கெட்டுப்போன கேமுக்கும் இதையே செய்யலாம்.