டேப்பின் கொக்கி ஆடுகிறதா? ஆடட்டும்

கிருஷ்ணகிரிக்குக் குடிவந்த புதிதில், சமையலறைச் சுவர் மாடத்துக்கு நடுவில் ஒரு கிரானைட் தட்டு வைக்க நினைத்தேன். இந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம்? அளவைச் சொன்னால் பட்டறையிலேயே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். சொன்ன அளவில்தான் கோளாறு. கல் உள்ளே போகவே இல்லை. தேய்த்துக் கொடுத்தவர் சொன்னதும், நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இனி வருவது.

முதலில் அளக்கும் டேப். வீட்டு வேலைக்கு 5 மீட்டர், அதாவது பதினாறு அடி டேப் போதும். தொடக்கத்தில் ரோமன் எழுத்தில் I அல்லது II என்று போட்டிருக்கும். அது துல்லியத்தின் தரம். II என்றால் 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை பிசகலாம். நமக்கு அது தாராளம்.

அடுத்து, படிப்பது. ஒரு விளிம்பில் இஞ்ச், இன்னொன்றில் சென்டிமீட்டர். ஓர் இஞ்சில் எட்டில் ஒரு பங்குதான் ஆசாரிகள் சொல்லும் 'நூல்', மூன்று மி.மீ.க்குச் சற்று அதிகம். "ரெண்டடி மூணு இஞ்ச் அஞ்சு நூல்" என்று பட்டறையில் கேட்டால் பயப்பட வேண்டாம். ஏதாவது ஒரு கணக்கிலேயே எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

இப்போது கொக்கி. நுனியில் லொடலொடவென்று ஆடுகிறதே, அது பழுது இல்லை. கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நகரும்படிதான் செய்திருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் வெளியே வரும். சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டு விதத்திலும் பூஜ்ஜியம் சரியாக அமையும். இது தெரியாமல் கொக்கியைப் பிடித்திருக்கும் ரிவெட்டில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி இறுக்கிய ஆள் நான். அந்த டேப் இப்போது பரணில் கிடக்கிறது.

மாடம், ஜன்னல் போன்றவற்றின் உள்ளளவு எடுக்கும்போதுதான் பெரும்பாலும் தப்பு நடக்கும். மூலையில் டேப்பை வளைத்து, வளைவில் தெரியும் எண்ணை உத்தேசமாகப் படித்தேன். கல் போகாததற்குக் காரணம் அதுதான். வளைக்காதீர்கள். கொக்கி ஒரு பக்கச் சுவரில் முட்ட, டேப் பெட்டியின் முதுகை எதிர்ச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பெட்டியின் நீளம் அதன்மேலேயே அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் ஒருமுறை அளந்து எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். டேப் வெளியே வரும் பெட்டி வாயருகே தெரியும் எண்ணோடு அதைக் கூட்டினால் சரியான உள்ளளவு.

அப்புறம், ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது. பூச்சுச் சுவர் எந்த வீட்டிலும் நேராக இருப்பதில்லை. முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்தில் எடுத்து, இருப்பதில் சிறியதை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு நூல் கழித்துச் சொல்லுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்கலாம்: இரண்டு அளவும் ஒன்றாகவும், எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாகவும் இருந்தால் மாடம் கோணலில்லை.

பராமரிப்பு சின்ன வேலை. சர்ரென்று விட்டால் கொக்கி வந்து மோதி ரிவெட் தளரும், விரலையும் கிழிக்கும்; கையால் பிடித்து மெதுவாக உள்ளே விடுங்கள். கல் தூள், சிமெண்ட் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே சுருட்டுங்கள். நனைந்தால் முழுக்க இழுத்துக் காயவிடுங்கள்.

நுனி தேய்ந்த டேப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம். 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து, வரும் அளவில் 10 கழித்துவிடலாம். கழிக்க மறந்தால் கல் நீளமாக வரும். பரவாயில்லை, பட்டறைக்கு இன்னொரு நடை.