1964 ஒப்பந்தத்தைக் கோட்பாட்டோடு படிப்பது எப்படி

கோத்தகிரியில் போட்டித் தேர்வுக்கு என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, சர்வதேச உறவுகள் பாடத்தை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில்தான் தொடங்குவேன். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் எத்தனை பேரை எந்த நாடு ஏற்பது என்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. இந்தப் பிள்ளைகளில் பலருடைய தாத்தா பாட்டி அதன்படி இலங்கையிலிருந்து வந்து டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் குடியேறியவர்கள்.

முதலில் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் மூன்று கோட்பாடுகள் வழியாகப் பாருங்கள். முதலில் யதார்த்தவாதியாகப் படியுங்கள். அவர் பார்வையில் அரசு ஒரே ஆள். பாதுகாப்பும் அதிகாரமுமே அதன் நலன். 1962 சீனப் போருக்குப் பின் டெல்லிக்கு அண்டை நாட்டின் நட்பு தேவைப்பட்டது. சரி, அவ்வளவுதான்.

தாராளவாதி அந்த ஆளைப் பிரித்துப் பார்ப்பார். கொழும்பில் யாருடைய ஓட்டு கணக்கில் இருந்தது, தோட்டத் தொழிலாளியை யாராவது கேட்டார்களா என்று கேளுங்கள்.

மூன்றாவதான கட்டமைப்புவாதத்தில் (constructivism) நிதானமாக நில்லுங்கள். நலன் தானாக இருப்பதில்லை, ‘நாம் யார்’ என்பதிலிருந்து பிறக்கிறது என்பது அதன் வாதம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்தவர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றார் நேரு. சாஸ்திரி பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டார். அதே இந்தியா, அதே கடல். அப்படியானால் ‘தேசிய நலன்’ எப்படி மாறியது? யதார்த்தவாதியை இந்தக் கேள்வியால் மடக்குங்கள்.

விடைத்தாளில் மூன்றையும் கலந்து குழப்பாதீர்கள். ஒன்றைப் பிடித்து வாதாடுங்கள், மற்ற இரண்டையும் எதிர்வாதமாக வையுங்கள்.